ஜூன் விடுமுறையில யாரு தண்ணி ஊத்துறது? சமூகத் தோட்டமும் சிறு மானியமும்



'சமூகத் தோட்டம்' என்ற தலைப்பு வந்தால் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு மனப்பாடம். தோட்டம் அண்டை வீட்டாரிடையே ஒற்றுமையை வளர்க்கும், உடலுக்கும் மனத்திற்கும் நல்லது, இயற்கையைப் பாதுகாப்பது நம் கடமை. மூன்று வரியும் சரிதான். தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு செடியைக்கூடக் காணோம். மண் எங்கிருந்து வந்தது, இடம் யாருடையது, குழாய்க்கு யார் அனுமதி கொடுத்தார்கள், காசு யார் தந்தது என்ற விவரம் எதுவும் இருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவர்கள் எழுதும் மானிய விண்ணப்பங்களிலும் பல இப்படித்தான் இருக்கின்றன. அதே மூன்று வரி, கொஞ்சம் நீளமாக. அதனால்தான் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதுகிறேன். நீங்கள் பள்ளியிலோ வீட்டுக்குக் கீழேயோ ஒரு தோட்டம் போட நினைக்கும் ஆசிரியராக இருக்கலாம், அல்லது இந்த ஆண்டுத் தேர்வில் சுற்றுச்சூழல் தலைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மாணவராக இருக்கலாம். இருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றேதான்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். நன்கொடை என்றால் கொடுத்தவர் பெரும்பாலும் கணக்குக் கேட்கமாட்டார். உதவித்தொகையும் உபகாரச் சம்பளமும் தனி மனிதரின் படிப்புக்கானவை. மானியம் இவற்றில் சேராது. திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனால் சொன்ன வேலையைச் செய்தே ஆகவேண்டும், செய்ததற்குக் கணக்கும் காட்ட வேண்டும். பழைய தமிழ் வழக்கில் மானியம் என்பது வரியில்லாமல் விடப்பட்ட நிலம். கோயிலில் விளக்கேற்றுபவருக்கு, ஊர்க்காவல் பார்ப்பவருக்கு என்று ஏதோ ஒரு பணிக்கு ஈடாக அது கொடுக்கப்பட்டது. பணி நின்றால் மானியத்துக்கும் ஆபத்து. இன்றைய சிறு மானியத்தின் குணமும் அதுவேதான். மாணவர்கள் கட்டுரையில் 'அரசாங்கம் நன்கொடை வழங்குகிறது' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். இனிமேல் 'மானியம்' என்று எழுதுங்கள்.

பணம் எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் இந்தக் கதை 2005-இல் தொடங்குகிறது. தேசியப் பூங்காக் கழகம் அந்த ஆண்டு 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தை ஆரம்பித்தது. முதல் தோட்டம் புக்கிட் தீமா பக்கம் மேஃபேர் பார்க் வட்டாரத்தில் அமைந்தது. இன்று தீவு முழுவதும் இப்படிப்பட்ட தோட்டங்கள் 1,900-ஐத் தாண்டிவிட்டன. வீவக பேட்டைகளில், தனியார் வீட்டு வட்டாரங்களில், பள்ளிகளில், மருத்துவமனைகளில்கூட இருக்கின்றன. கழகம் பெரும்பாலும் ஆலோசனையும் பயிற்சியும் தருகிறது. கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டம் என்று இதை நினைக்காதீர்கள்.

பணம் என்று பார்த்தால் இன்று அதிகம் பேசப்படுவது எஸ்ஜி ஈக்கோ நிதி. நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு 2020-இல் 50 மில்லியன் வெள்ளியுடன் அதைத் தொடங்கியது. பெரிய திட்டங்களுக்கு ஒரு வாசல், சின்னத் திட்டங்களுக்கு ஒரு வாசல். சின்ன வாசலுக்குப் பெயர் 'ஸ்பிரவுட்', அதாவது முளை. 10,000 வெள்ளி வரை கேட்கும் திட்டங்களுக்கு அது. தோட்டம் மட்டுமல்ல, உணவுக்கழிவை உரமாக்குவது, பழைய பொருளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது, பொட்டலக் குப்பையைக் குறைப்பது என்று சுற்றுப்புறத்துக்கு நன்மையும் சமூகத்தின் பங்கேற்பும் உள்ள எதுவும் கேட்கலாம். தேசிய இளையர் மன்றத்தின் யங் சேஞ்ச்மேக்கர்ஸ் மானியம் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கானது. உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்கள் அந்த வயதுக்குள் வந்துவிடுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். தொகையும் விதிகளும் அவ்வப்போது மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நண்பர் சொன்னதை நம்பிப் படிவம் நிரப்பாதீர்கள்.

பணமே தேவைப்படாத வழிகளும் உண்டு. தொடக்கநிலை மூன்று மாணவர்களுக்கு விதையும் தொட்டியும் கொடுக்கும் 'எவ்ரி சைல்ட் அ சீட்' திட்டம் பல ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். 2020-இல், கிருமிப்பரவல் காலத்தில், 400,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் காய்கறி, கீரை விதைப் பொட்டலங்கள் இலவசமாக அஞ்சலில் வந்தன. தனியாகப் பயிரிட விரும்புபவர்களுக்குப் பூங்காக்களில் வாடகைப் பாத்திகள் இருக்கின்றன. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்றாண்டுக் குத்தகை. ஆனால் அது தனி ஆளுக்கு. நாம் பேசுவது பலர் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றி.

அக்கரையில், மலேசியாவில், உலகச் சுற்றுச்சூழல் நிதியின் சிறு மானியத் திட்டம் 2001 முதல் செயல்படுகிறது. உலக அளவில் அது 1992-இல் ரியோ மாநாட்டை ஒட்டித் தொடங்கியது. அரசாங்கங்களுக்குப் போகும் பெரிய நிதி கிராமத்துக் குழுவின் கைக்கு நேராக வராது என்பதால்தான் தனியாகச் 'சிறு' என்று ஒரு வாசல் திறந்தார்கள். மில்லியன் வெள்ளித் திட்டத்துக்கு எழுதும் அறிக்கையை மூவாயிரம் வெள்ளித் திட்டத்துக்கும் எழுதச் சொன்னால் எந்தப் பாட்டி எழுதுவார்? படிவம் சின்னதாக இருப்பதற்கு அதுவே காரணம். சின்னப் படிவம்தானே என்று அலட்சியமாக நிரப்புவது நம் தவறு.

ஒரு தோட்டம் செத்த கதை

நான் பொறுப்பாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஒரு மூலிகைத் தோட்டம் போட்டோம். மானியம் கிடைத்தது. துளசி, கற்பூரவள்ளி, வெற்றிலை, புதினா, செராய், பண்டான். நான்கு மொழியிலும் பெயர்ப்பலகை. திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தோம், மாணவர்கள் அழகாகப் பேசினார்கள். அது ஏப்ரல் மாதம்.

ஜூன் விடுமுறை நான்கு வாரம். பள்ளி திறந்த திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். புதினா காய்ந்து சருகாகியிருந்தது. வெற்றிலைக் கொடி குச்சி. துளசி மட்டும் பாதி உயிரோடு நின்றது. 'நீ ஊத்துவன்னு நெனச்சேன்' என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். நானும் அந்த வரிசையில் ஒருவர்தான்.

சரி, பாடம் படித்துவிட்டோம் என்று ஆண்டிறுதி விடுமுறைக்கு ஒரு தண்ணீர் அட்டவணை போட்டேன். இரண்டு பேர் வந்து ஒழுங்காக ஊற்றினார்கள். தோட்டம் மறுபடியும் செத்தது! இந்த முறை வெயிலால் அல்ல, மழையால். நவம்பர், டிசம்பரில் இங்கே வடகிழக்குப் பருவமழை. பெட்டிகளின் அடியில் வடிகால் துளை போதாது. தண்ணீர் நின்று வேர் அழுகிப்போயிற்று. மழை பெய்துகொண்டிருக்கும் மாதத்தில் அட்டவணைப்படி தண்ணீரும் ஊற்றியிருக்கிறோம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மானிய அறிக்கையில் 'தற்போதைய நிலை' என்ற கட்டத்தை நிரப்பும்போது சிரிப்பு வரவில்லை.

அந்த மானியத்துக்கு நான் எழுதிய விண்ணப்பத்தைப் பிறகு எடுத்துப் படித்தேன். என்ன செடி, எத்தனை தொட்டி, என்ன நன்மை என்று இரண்டு பக்கம் இருந்தது. யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு 'மாணவர்கள் சுழற்சி முறையில் பராமரிப்பார்கள்' என்று ஒரே வரி. எந்த மாணவர்கள், என்ன சுழற்சி, விடுமுறையில் பள்ளிக் கதவு பூட்டியிருந்தால் எப்படி உள்ளே வருவது என்று ஒன்றும் இல்லை. மானியம் மண்ணுக்கும் குழாய்க்கும் பணம் தந்தது. ஆளுக்கு அது பணம் தராது, தரவும் முடியாது. ஆளை நாம்தான் கொண்டுவர வேண்டும், அதுவும் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னாலேயே.

ஆகவே வரிசை இதுதான். முதலில் ஆட்கள். அப்புறம் இடம், அனுமதி. கடைசியில்தான் பணம். நம்மில் பலர் மானிய அறிவிப்பைப் பார்த்த பிறகு ஆள் தேடுகிறோம். கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி.

இடமும் அனுமதியும்

வீவக வட்டாரத்தில் பொது இடம் நகர மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. புல்வெளியில் நீங்களாக ஒரு வாழைக்கன்றை நட்டால், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், பிடுங்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. வழக்கமான பாதை, உங்கள் வட்டார வசிப்போர் குழுவோடு பேசி, அவர்கள் வழியாக நகர மன்றத்தை அணுகுவது. பூங்காக் கழகத்தின் ஆலோசனையும் அந்தக் கட்டத்திலேயே கேட்கலாம். தண்ணீர்க் குழாய் எங்கே, கட்டணம் யார் தலையில் என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்களுக்கு வேறு கணக்கு. தீ ஏற்பட்டால் மக்கள் ஓட வழி வேண்டும், ஆகவே நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தொட்டி அடுக்கிவிட்டு நடுவில் பக்கவாட்டில் நடந்து போகும் தாழ்வாரங்களை நான் பார்த்திருக்கிறேன். அழகுதான், ஆனால் தள்ளுபடுக்கை உள்ளே வராது.

கொசு விஷயம் இதைவிடக் கண்டிப்பானது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். தோட்டக்காரர்களே அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிற வாய்ப்பு அதிகம்: தொட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, பூவாளியின் அடிப்பகுதி. பலருக்குத் தெரியாத ஒன்று, இறுகிப்போன மண். மேல்மண் கெட்டியாகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே குட்டையாக நிற்கும். தொட்டி மண்ணைக் கிளறிவிடச் சொல்லித் தேசியச் சுற்றுப்புற அமைப்பு அறிவுறுத்துவது அதனால்தான். தட்டு ஊற்றுவது, மண் கிளறுவது, வாளி கவிழ்ப்பது ஆகிய மூன்றையும் வாரம் ஒருமுறையாவது யார் செய்வார் என்று உங்கள் விண்ணப்பத்தில் பெயரோடு ஒரு வரி இருந்தால், படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும், இவர்கள் மண்ணில் கை வைத்தவர்கள் என்று.

பூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில தோட்டங்களுக்கு வேலி, வேலிக்குப் பூட்டு. பாகற்காய் திருடு போகிறது என்பார்கள். உண்மைதான், போகிறது. மூன்று மாதம் வளர்த்த பப்பாளி ஒரு ராத்திரியில் காணாமல் போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆனாலும் பொதுப்பணத்தில் அமைந்த தோட்டத்தில் எட்டுப் பேர் மட்டும் உள்ளே போகலாம் என்றால் அது சமூகத் தோட்டமா? என் கருத்து, வேலி வேண்டுமென்றால் இடுப்பளவு போதும், வெளியே ஒரு பெட்டியில் 'யாரும் பறித்துக்கொள்ளலாம்' என்று பண்டானும் செராயும் கருவேப்பிலையும் வையுங்கள். கேட்டால் கொடுக்கிற தோட்டத்தில் திருட்டுக் கொஞ்சம் குறையும். முழுக்க நிற்காது.

ஒரு கணக்கு

வரவுசெலவுத் திட்டத்தில் எல்லாரும் செடிக்கு அதிகம் எழுதுவார்கள், மண்ணை மறந்துவிடுவார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. நீங்கள் கடையில் கேட்டு எழுத வேண்டும்.

ஒரு நடவுப் பெட்டி 1.2 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், 0.3 மீட்டர் ஆழம். பெருக்கினால் 0.216 கன மீட்டர், அதாவது 216 லிட்டர். ஆறு பெட்டிக்கு 1,296 லிட்டர். கலவை மண் 30 லிட்டர் மூட்டையாக வாங்கினால் 43 மூட்டை வாங்கியும் கொஞ்சம் குறையும், ஆகவே 44. மூட்டை 8 வெள்ளி என்றால் 352 வெள்ளி. பெட்டி தலா 120 என்றால் 720. தண்ணீர்க் குழாயும் பூவாளியும் 90. உரத்தொட்டி இரண்டு, தலா 85, ஆக 170. பெயர்ப்பலகை நான்கு, தலா 42, ஆக 168. மொத்தம் 1,500 வெள்ளி.

செடி எங்கே? எழுதவில்லை. கருவேப்பிலைக் கன்று, துளசி, கற்பூரவள்ளி, பண்டான், கங்கோங் எல்லாம் வட்டாரத்தில் யாரோ ஒருவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். கேட்டால் கிளை ஒடித்துக் கொடுப்பார்கள். கொடுத்தவர் அடுத்த வாரம் தன் செடி பிழைத்ததா என்று பார்க்க வருவார். அப்படி வருபவர்தான் உங்களுக்குத் தேவையான ஆள். செடியைக் கடையில் வாங்கிவிட்டால் அந்த ஆள் வரமாட்டார்.

'தோட்டச் செலவு: 1,500 வெள்ளி' என்று ஒரே வரியாகக் கேட்பதற்கும், மேலே உள்ளபடி கேட்பதற்கும் தொகை ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைப் படிப்பவருக்கு 'இவங்க பெட்டிய அளந்து பாத்திருக்காங்க' என்று தெரிகிறது. கணித ஆசிரியரிடம் சொல்லி இதை வகுப்பில் செய்யவைக்கலாம், கன அளவு பாடம் அதோடு முடிந்தது. அப்புறம் இன்னொன்று. சில மானியங்களில் முதலில் நீங்கள் செலவழித்துவிட்டு, ரசீதைக் காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். முன்பணத்துக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் விண்ணப்பித்துவிட்டுப் பொறுப்பாளர் தன் சொந்தக் காசைப் போட்டு மூன்று மாதம் காத்திருப்பதெல்லாம் நடக்கிறது. ரசீதுகளை ஓர் உறையில் போட்டு, அன்றன்றைக்கே படமும் எடுத்துவையுங்கள். வெப்பத்தாள் ரசீதில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. இயற்கைக் கல்வி என்றால் அது அறிவியல் ஆசிரியரின் துறை என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் கருவேப்பிலைச் செடியைப் பாருங்கள். கறுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு பறக்கும் 'காமன் மார்மன்' வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும், எலுமிச்சை வகைச் செடிகளிலும் இடும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே தெரியும். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். எருக்கஞ்செடியில் 'பிளெயின் டைகர்' வண்ணத்துப்பூச்சியின் புழு வளரும். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விஷயம் எவ்வளவு ஆர்வமாக இருக்கும்! ஒரு புழுவைத் தினமும் பார்த்து, பார்த்ததைத் தமிழில் மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். 'நேற்றைவிடப் பெரிதாக இருந்தது', 'தலையைத் தூக்கியது', 'இன்று காணவில்லை'. வருணனைக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு சண்டை வரும், தயாராக இருங்கள். கருவேப்பிலை வளர்க்கும் பாட்டிக்குப் புழு எதிரி. மாணவர்களுக்குப் புழுதான் பாடம். 'மருந்து அடிச்சா ஒரே நாள்ல போயிடும்' என்பார் பாட்டி. நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்த தீர்வு, இரண்டு செடி வைத்து ஒன்றைப் பூச்சிக்கே விட்டுவிடுவது. பாட்டியே புழுவை எடுத்து அந்தச் செடியில் விடுவார், கொஞ்ச நாளில் அதற்குப் பெயரும் வைத்துவிடுவார்.

சங்குப்பூவும் அப்படி ஒரு நல்ல செடி. நமக்குப் பூசைப்பூ. மலாய்க்காரர்களும் பெரானாக்கான் குடும்பங்களும் அதே நீலப்பூவில் பலகாரத்துக்கு நிறம் ஏற்றுவார்கள், மலாயில் அதற்கு 'புங்கா தெலாங்' என்று பெயர். 'தோட்டம் இன நல்லிணக்கத்தை வளர்க்கிறது' என்ற வரியை எழுத விரும்பும் மாணவரே, அந்த வரியை எழுதாமல் சங்குப்பூவை எழுதுங்கள். படிப்பவர் நல்லிணக்கத்தைத் தாமே கண்டுகொள்வார்.

மேல்வகுப்புகளுக்குக் குறிஞ்சிப்பாட்டு இருக்கிறது. கபிலர் அதில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். மனப்பாடமாக ஒப்பிக்க அது கடினம், தேடிப்போக இனிமை. கொன்றை இங்கே பூங்காக்களில் பொன்னாகத் தொங்குகிறது. புன்னை சிங்கப்பூரின் சொந்த மரமே, கடலோரத்திலும் சாலையோரத்திலும் நிற்கிறது. தாழையின் இனத்தைக் கடற்கரைப் பூங்காக்களில் பார்க்கலாம். தாமரையும் ஆம்பலும் குளங்களில் உண்டு. 99-இல் எத்தனையை இந்தத் தீவிலேயே பார்க்க முடியும் என்று ஒரு வகுப்பு தேடினால் அதுவே ஓர் இயற்கைக் கல்வித் திட்டம், ஒரு மானியத்துக்குப் போதுமான திட்டமும்கூட.

பெயர்ப்பலகையைத் தயவுசெய்து நீங்களே சரிபாருங்கள். நான்கு மொழிப் பலகையில் தமிழ் மட்டும் கொம்பும் காலும் இடம்மாறி, எழுத்து உடைந்து நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அச்சகத்துக்குக் கோப்பாக அனுப்பும்போது எழுத்துரு மாறிவிடுகிறது. அச்சாவதற்கு முன் மாதிரியைப் படமாக அனுப்பச் சொல்லி ஒரு தமிழாசிரியர் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. பத்து வருஷம் அந்தப் பலகை அங்கே நிற்கும்.

மாணவர்களுக்கு: இதை எப்படி எழுதுவது?

அதிகாரப்பூர்வ மின்னஞ்சலாக இது வரக்கூடும்: 'உங்கள் வட்டாரத்தில் சுற்றுப்புறத் திட்டம் ஒன்றைத் தொடங்க ஆதரவு கேட்டு எழுதுக.' பெரும்பாலோர் எழுதுவது:

'எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டம் அமைக்க விரும்புகிறோம். இது அனைவருக்கும் பயன் தரும். ஆகவே தாங்கள் நிதி வழங்கி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.'

பிழை இல்லை, மரியாதை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. இப்போது இதைப் பாருங்கள்:

'எங்கள் மூன்று புளோக்குகளுக்கு நடுவே உள்ள புல்வெளியில் ஆறு நடவுப் பெட்டிகள் வைக்க நகர மன்றம் அனுமதி அளித்துள்ளது. பதினான்கு குடும்பங்கள் பெயர் கொடுத்துள்ளன. வாரத்துக்கு இரண்டு குடும்பங்கள் தண்ணீர் ஊற்றும். ஒரு குடும்பத்தின் முறை ஏழு வாரத்துக்கு ஒருமுறை வரும். மார்ச் மாதம் முழுவதும் இரவல் பெட்டிகள் இரண்டை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தோம். இரண்டு நாள் தவறிவிட்டது, காரணம் குழாய்ப் பூட்டின் சாவி ஒருவரிடம் மட்டுமே இருந்தது. இப்போது மூவரிடம் சாவி உள்ளது.'

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 'இரண்டு நாள் தவறிவிட்டது' என்ற வரி. குறையை ஒப்புக்கொண்டால் விண்ணப்பம் பலவீனமாகிவிடும் என்று பயப்படுகிறோம். தவறு நடந்தது, காரணம் கண்டுபிடித்தோம், மாற்றிவிட்டோம் என்று சொல்பவரை நம்பித்தான் யாரும் பணம் கொடுப்பார்கள். இதைத் தேர்வில் எழுதும்போது கற்பனையாகத்தான் எழுதுவீர்கள். பரவாயில்லை, ஆனால் கற்பனையிலும் கணக்குச் சரியாக இருக்கட்டும். பதினான்கு குடும்பம், வாரம் இரண்டு, அப்படியானால் ஏழு வாரம். எட்டு என்று எழுதினால் படிப்பவர் நின்றுவிடுவார்.

வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சியைப் பார்த்துவிட்டு 'உங்கள் பள்ளியில் இப்படிப்பட்ட நடவடிக்கை உண்டா?' என்று கேட்கலாம். 'உண்டு, அது மிகவும் பயனுள்ளது' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். உங்கள் தோட்டம் ஜூன் மாதத்தில் வாடியது என்றால் அதைச் சொல்லுங்கள். ஏன் வாடியது, பிறகு என்ன செய்தீர்கள் என்று பேச்சு தானாக நீளும். பேச்சுத்தமிழ் அங்கே குறையில்லை, இயல்பாகவே பேசுங்கள்.

மானிய அறிக்கைக்கும் இதே நேர்மைதான். முடிவு அறிக்கையில் பலர் திறப்பு விழாப் படத்தை ஒட்டிவிட்டு 'வெற்றிகரமாக நடந்தது' என்று எழுதுவார்கள். அதற்குப் பதிலாக ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுங்கள், வாடிய மாதத்தையும் சேர்த்து. ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த மாதம் யார் முறை, எத்தனை பேர் வந்தார்கள், என்ன செத்தது, எவ்வளவு கீரை பறித்து யாருக்குக் கொடுத்தோம் என்று இரண்டு வரி.

ஜூன் விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியது: குழாய்ச் சாவி யாரிடம் என்று மூன்று பெயர், அவர்கள் வெளியூர் போகும் தேதி, விடுமுறையில் எந்தக் கதவு வழியாக வரலாம் என்று காவலாளியிடம் ஒரு வார்த்தை, சமையலறை வேலை பார்க்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை. நவம்பரில் செய்ய வேண்டியது வேறு: பெட்டிக்கு அடியில் கையை விட்டு வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, தட்டுகளை எல்லாம் எடுத்துக் கவிழ்த்து வைப்பது, தண்ணீர் அட்டவணையைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் களை பிடுங்கும் அட்டவணையை ஒட்டுவது.